மேக்குப் பக்கத்து ஜன்னல்

சரக் சரக்னு காலால சுண்ணாம்புக் கோட்டை அழிச்சுக்கிட்டிருந்தா மயிலாத்தா, உடுமலைப் பக்கம் ஒரு ஊர்ல. அவ கட்டுற புது வீட்டு ஜன்னலுக்குக் கொத்தனார் கோடு போட்டிருந்தது ரோட்டைப் பார்த்து. காத்து வர்றதோ மேக்க இருந்து. கேக்கறியா? ம் சொல்லு.

அவ புருசன் பொன்னுரங்கன் லாரி ஓட்டுறவன். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வருவான். அப்போ குடியிருந்தது தகரக் கொட்டாய். உள்ள படுத்தா உடம்பு வெந்துரும். சாப்பிட்ட கையோட தலகாணிய எடுத்துக்கிட்டு லாரிக்கே போயிருவான். அவன் ஒரு தூக்கம் வீட்டுக்குள்ள தூங்கணும். அவளுக்கு அது போதும்.

அப்புறம், செங்கல்லப் படுக்கப் போடாமக் குத்தவச்சு, நடுவுல பொந்து விட்டுச் சுவரு கட்டச் சொன்னா. கல்லும் கம்மியாப் புடிக்கும், சூடும் உள்ள வராதுன்னு பக்கத்தூர்ல பார்த்துட்டு வந்திருந்தா.

"எலிக்கா அம்மிணி வீடு கட்டுற?"ன்னாரு கொத்தனார்.

அப்போ புருசனோட அண்ணன் வந்து, மேக்க ஜன்னல் வச்சா வெயில் அடிக்கும்னாரு. மேல கூரைய நீட்டி இறக்கிக்கறேன்னு சொல்லிட்டா. மூணாவதா புருசனே போன்ல, ஊரு சிரிக்குதாம், எல்லாரையும் போலக் கட்டுன்னான். போன வச்சுட்டு எந்திரிச்சுப் போனா. உச்சி வெயில்ல, பாதி எழும்புன சுவத்தோட உள்பக்கம் கைய வச்சுப் பார்த்தா. சில்லுனு இருந்துச்சு. மறுநாளும் அப்படியே கட்டச் சொன்னா.

தூங்கிட்டியா? ம்.

வீடு முடிஞ்சு குடி வந்தப்புறம் ஒரு நாள் மத்தியானம், பாம் பாம்னு லாரி வந்துச்சு. எப்பவும் போல வீட்ட ஒட்டி, மேக்கால நிறுத்திட்டு, சாப்பிட்டுப் படுத்தான். பொட்டுக் காத்து இல்ல. மயிலாத்தா ஜன்னலப் பார்த்தா. ஜன்னல் முழுக்க லாரி நின்னுச்சு. அவன் தலகாணியோட எந்திரிச்சுட்டான்.

"ஏனுங்க, வண்டியக் கொஞ்சம் முன்னால தள்ளி நிறுத்திட்டு வாங்க."

தலகாணியக் கையில வச்சுக்கிட்டே போயி ஏறுனான். அப்படியே படுத்துருவானோன்னு அவ கதவோரம் நின்னா. டுர்ர்ர்... வண்டி நகர்ந்துச்சு. உஸ்ஸ்னு காத்து உள்ள வந்து காலண்டரப் படபடன்னு அடிச்சுச்சு. எஞ்சின் அடங்குச்சு. அப்புறம் ஒரு சத்தமும் இல்ல. ரொம்ப நேரம் ஆளக் காணோம்.

டப்புனு வண்டிக் கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு. வந்தான். ஜன்னலுக்குக் கீழ தலகாணியப் போட்டுப் படுத்தான். கொர்ர்ர்.

வாசல்ல ரோட்டைப் பார்த்துக் கிடந்த அவன் செருப்ப எடுத்து, மயிலாத்தா வீட்டப் பார்க்கத் திருப்பி வச்சா.

கதையும் அங்கயே கண்ணசந்துருச்சு. நீயும் மூடிக்க.