வியாழக்கிழமை ஹாரன்

குடியை விட நினைத்தவர்கள் ஒரு சர்ச் பள்ளிக்கூடத்தின் எல்.கே.ஜி. வகுப்பில் கூடுவார்கள். வாரம் ஒரு நாள், வியாழக்கிழமை சாயங்காலம். உட்காருவதெல்லாம் குழந்தைகள் பெஞ்சில். முழங்கால் நெஞ்சை இடிக்கும்.

சென்னியப்பன் அங்கே தானாகப் போகவில்லை. மதுக்கடைக்கு எதிர்ச்சுவரில் அவர்கள் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். குடித்துவிட்டு அந்த நம்பருக்குப் போன் போட்டுக் கண்டபடி திட்டினார். அந்தப் பக்கம் இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வீடு எங்கிங்கண்ணா?" என்றார்.

அவர்தான் மாசிலாமணி. வேன் டிரைவர். குடியை விட்டு ஏழு வருஷம். சென்னியப்பனைவிடப் பத்து வயது சின்னவர்.

"வியாழக்கிழமை வாசல்ல வந்து ரெண்டு ஹாரன் அடிப்பேன். நீங்க வெளிய வரலைன்னா, நான் உள்ள வந்துடுவேன்."

சொன்னபடி வந்தார். சென்னியப்பன் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். மாசிலாமணி கதவுக்கு வெளியே பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு உடம்புக்கு முடியல தம்பி."

"இன்னைக்கு வியாழக்கிழமைங்கண்ணா."

"நாலு பேர் முன்னாடி நின்னு நான் குடிகாரன்னு சொல்லணுமாக்கும்?"

"ஊருக்கே தெரியும். அந்த நாலு பேருக்குத்தான் தெரியாது."

கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் திறந்தது.

அடுத்த வருஷமும் வந்துவிட்டது. சென்னியப்பன் குடிக்கவில்லை. ஆனால் சலித்துப்போனார். அதே பெஞ்ச். அதே ஆறின டீ. கூட்டத்தை நடத்தும் ஞானப்பிரகாசம் அதே கதையைச் சொல்லி அதே இடத்தில் அழுவார்.

"இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி வரணும்?" என்று மாசிலாமணியிடம் கேட்டார் சென்னியப்பன்.

"வர்ற வியாழக்கிழமை வாங்க."

"அதுக்கப்புறம்?"

"அது எனக்கும் தெரியாதுங்கண்ணா."

ஒரு வியாழக்கிழமை ஹாரன் கேட்கவில்லை.

சென்னியப்பன் சட்டை மாட்டிக்கொண்டு காத்திருந்தார். அப்பாடா, இன்னைக்குத் தப்பித்தோம் என்றுதான் முதலில் நினைத்தார். அப்புறம் உட்கார முடியவில்லை. மாசிலாமணி வீட்டுக்கு நடந்தார்.

வாசலில் மாசிலாமணியின் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"உங்க குரு உள்ளதான் கெடக்குது. நேத்து கல்யாண வீட்டுல இருந்து நாலு பேர் தூக்கிட்டு வந்து போட்டாங்க."

மாசிலாமணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நேற்றைய பட்டுக்கரை வேட்டி. அறை முழுக்க அந்த வாடை.

"எட்டு வருஷம், குருவே."

"ஆமாங்கண்ணா."

"என்ன ஆச்சு? யாராச்சும் செத்துட்டாங்களா? வீட்டுல சண்டையா?"

"ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருந்தேன். கிளாஸை நீட்டினாங்க. வாங்கிட்டேன்."

சென்னியப்பனுக்கு அறையலாம் போலிருந்தது. அதோடு வேறொன்றும் இருந்தது. எட்டு வருஷக்காரரே குடித்துவிட்டார், இனி நான் குடித்தால் என்னை யார் கேட்பது? அந்த நினைப்பு இனிப்பாக இருந்தது. வாடை மூக்கை விட்டுப் போகவில்லை.

"எனக்கும் வேணும்போல இருக்கு தம்பி. இங்கிருந்து நேரா கடைக்குத்தான் போவேன்னு நினைக்கறேன்."

மாசிலாமணி தலையைத் தூக்கிப் பார்த்தார். சுவரைப் பிடித்து எழுந்தார். ஆணியில் தொங்கிய பைக் சாவியை எடுத்தார். சாவி கீழே விழுந்தது. குனிந்து எடுத்துச் சென்னியப்பனிடம் கொடுத்தார்.

"நீங்க ஓட்டுங்க. என்னால முடியாது."

"எங்க?"

"இன்னைக்கு வியாழக்கிழமை."

வழியில் கடை வந்தது. வாசலில் நல்ல கூட்டம். வண்டி மெதுவானது. பின்னாலிருந்த கை சென்னியப்பன் தோளை இறுக்கிப் பிடித்தது. வண்டி கடையைத் தாண்டிப் போனது.

பள்ளிக்கூட கேட்டில் மாசிலாமணி இறங்கவில்லை.

"நீங்க போங்கண்ணா. நான் இங்கயே இருக்கேன். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவங்களைப் பார்க்கறது?"

"ஊருக்கே தெரியும் தம்பி," என்றார் சென்னியப்பன். "அந்த நாலு பேருக்குத்தான் தெரியாது."

மாசிலாமணி சிரிக்கவில்லை. ஆனால் இறங்கினார்.

ஞானப்பிரகாசம் வழக்கம்போல ஆரம்பித்தார். "இன்னைக்குப் புதுசா வந்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

மாசிலாமணி கையைத் தூக்கினார்.

"என் பேரு மாசிலாமணி. நான் ஒரு குடிநோயாளி. இன்னைக்குத்தான் வர்றேன்."

ஞானப்பிரகாசம் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

"வா. டீ ஆறிப்போச்சு. எப்பவும் போலத்தான்."

கூட்டம் முடிந்து இருவரும் திரும்பினார்கள். மாசிலாமணி வீட்டு வாசலில் சென்னியப்பன் வண்டியை நிறுத்தினார்.

"ஒண்ணு கேக்கறேன். பூசி மெழுகாம சொல்லு. உன்னைப் பார்த்துத்தான் நான் வந்தேன். நீயே விழுந்துட்டே. இனிமே நான் யாரை நம்பி வர்றது?"

சென்னியப்பன் சாவியை நீட்டினார். மாசிலாமணி வாங்கிக்கொள்ளவில்லை. வாசற்படி ஏறினார். கதவில் கை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"வியாழக்கிழமை வந்து ரெண்டு ஹாரன் அடிங்கண்ணா. நான் வெளிய வரலைன்னா, நீங்க உள்ள வாங்க."