பனையேறியின் தடம்

காட்டின் நடுவே ஒரு குளம் வற்றிக்கொண்டிருந்தது. மீன்கள் நிறைய இருந்தன. தண்ணீர்தான் இல்லை. எஞ்சியிருந்தவை எல்லாம் சேற்றிலும் மூச்சுவிடத் தெரிந்த மீன்கள்.

ஒரு நாள் பனையேறி என்ற சிறு மீன் கரையேறியது. செவுள் முட்களை மண்ணில் ஊன்றி, வாலை அடித்து, புல்லுக்குள் போய் மறைந்தது. அது செத்திருக்கும் என்றே மற்ற மீன்கள் நினைத்தன.

சில நாள் கழித்து அது திரும்பி வந்தது. வயிற்றுச் செதில்கள் உதிர்ந்திருந்தன.

"எங்கே போயிருந்தே?" என்று கேட்டது தேளி. தேளி மெலிந்த, கறுத்த மீன். ஒருமுறை கேட்டதை மறக்காது.

"ஆத்துக்கு. அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கு. வத்தவே வத்தாது."

மீன்கள் சுற்றிக் கூடின. பனையேறி நிதானமாகச் சொன்னது: "இந்தக் குளம் வற்றும். அது துன்பம். இது என் குளம், என் பள்ளம் என்று பிடித்துக்கொண்டிருக்கும்வரை துன்பம் நம்மை விடாது. பிடியை விட்டால் அது தீரும். அதற்கு வழி இருக்கிறது. எருமைகளின் குளம்பு பதிந்த குளம்படிப் பள்ளங்களில் தண்ணீர் நிற்கிறது. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஊர்ந்து போங்கள். ஈரம் இருக்கும்போதே போங்கள்."

விரால் முகத்தைச் சுளித்தது. குளத்திலேயே பெரிய உடம்பு அதற்கு. ஆழமான பள்ளமும் அதனுடையதுதான்.

"உன் பேச்சை நான் எதுக்கு நம்பணும்?"

"நம்ப வேண்டாம் அண்ணே. வந்து பாருங்க."

"என்னைத் தூக்கிட்டுப் போவியா?"

"அது முடியாது. வழியைத்தான் காட்டலாம். உங்க உடம்பை நீங்கதான் இழுக்கணும்."

"பார்த்தீங்களா, நழுவுறான்" என்றது விரால். மீன்கள் சிரித்தன.

மறுநாள் விடியலில் பனையேறி கிளம்பிப் போய்விட்டது. அதன் வயிறு உரசிய தடம் கரைச் சேற்றில் பளபளவென்று கிடந்தது. சற்றுப் பொறுத்து விராலும் கிளம்பியது.

"ஆறாவது கீறாவது. அங்கே ஒண்ணும் இருக்காது. பார்த்துட்டு வந்து வச்சிக்கிறேன் அவனை" என்று சொல்லிக்கொண்டே ஊர்ந்தது. அதன் வால் கரையைத் தாண்டுவதற்குள் அதன் பள்ளத்துக்கு அடிதடி தொடங்கிவிட்டது.

விரால் திரும்பவில்லை.

"நம்பாமப் போனாரில்ல, அதான் வழியிலேயே முடிஞ்சிருப்பார்" என்றது ஒரு மீன். மற்றவை தலையாட்டின. அதன் பிறகுதான் அவற்றுக்குப் பனையேறிமேல் பக்தி வந்தது.

தினமும் விடிந்ததும் மீன்கள் தடத்தின் முன்னால் கூடின. தேளி பனையேறியின் சொற்களை ஒன்றுவிடாமல் சொல்லும். கேட்கக் கேட்க மீன்களுக்குக் கண் கலங்கும்.

"அக்கா, அந்த ஈரம் இருக்கும்போதேங்கிற இடத்தை இன்னொரு தடவை சொல்லுங்க."

தேளி இன்னொரு தடவை சொல்லும். பிறகு எல்லாம் அவரவர் பள்ளத்துக்குத் திரும்பும். பனையேறி முதலில் ஊன்றியது வலது செவுளா, இடது செவுளா என்று ஒரு சண்டை வந்தது. வலது செவுள்காரர்கள் ஒரு மூலைக்கும் இடது செவுள்காரர்கள் ஒரு மூலைக்கும் பிரிந்து போனார்கள்.

இதையெல்லாம் ஒரு கொக்கு பார்த்துக்கொண்டிருந்தது.

"அருமையான தடம். யாராவது மிதிச்சு அழிச்சிடப் போறாங்க. நான் வேணா காவலுக்கு நிக்கிறேன்" என்றது.

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"இதுல என்ன சிரமம்? எனக்கும் புண்ணியம்."

அன்று முதல் தினமும் ஒன்றிரண்டு மீன்கள் குறைந்தன. கேட்டால், "கொடுத்து வச்சவங்க, ஆத்துக்குப் போயிட்டாங்க" என்று கொக்கு வானத்தைப் பார்த்துச் சொன்னது.

ஒரு காலையில் தேளி கரையில் தலையை வைத்துப் பார்த்தது. புல்லில் பனி இருந்தது. முதல் குளம்படியில் தண்ணீர் மினுங்கியது.

"நானும் போகலாம்னு பார்க்கிறேன்."

மீன்கள் பதறின. "நீங்க போயிட்டா எங்களுக்கு யார் சொல்றது?"

"அதுவும் இந்தத் தடத்து மேலேயா ஊரப் போறீங்க?" என்றது கொக்கு. "அழிஞ்சிடுமே."

தேளிக்கு அது நியாயமாகப் பட்டது. தான் இல்லாமல் இவர்களால் முடியாது என்பது உள்ளூர இனித்தது. தலையை இழுத்துக்கொண்டது.

வெயில் ஏறியது. குளம் சேறானது. சேறு வெடித்தது. வலது செவுள்காரர்களும் இடது செவுள்காரர்களும் தீர்ந்துபோனார்கள். தேளியை மட்டும் கொக்கு தொடவில்லை. தேளிக்கு விஷ முள் உண்டு.

"கேக்க ஆளில்லைன்னு வருத்தப்படாதீங்க. எனக்குச் சொல்லுங்க" என்றது கொக்கு.

தேளி பழக்கத்தில் சொல்லத் தொடங்கியது. ஈரம் இருக்கும்போதே போங்கள் என்ற இடத்தில் அதன் குரல் நின்றது. அத்தனை காலம் தான் சொல்லிவந்தது அன்றுதான் அதன் காதில் விழுந்தது.

அது கரையேறியது. முதல் குளம்படியில் தண்ணீர் இல்லை. அடுத்ததில் காய்ந்த சருகு கிடந்தது. அதற்கடுத்ததில் மண் பாளம் பாளமாகப் பிளந்திருந்தது. தேளி தன் உடம்பை இழுத்தது. தோலில் புழுதி அப்பியது. கொக்கு ஒவ்வொரு காலாக எடுத்துவைத்துப் பின்னால் வந்தது.

"மெதுவாப் போங்க" என்றது. "துடிப்பு அடங்கட்டும், முள்ளும் மடங்கட்டும். எனக்கு அவசரமில்லை."

மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. விரால் கரையோரம் வந்து புல்லைப் பார்த்தது. தினமும் அது பார்ப்பதுண்டு.

"ஏன்டா தம்பி, அந்தத் தேளி வரலையே? நீ சொன்னதையெல்லாம் ஒரு சொல் பிசகாமச் சொல்லுமே?"

பனையேறி தலையைத் தூக்கிப் பார்த்தது. மேட்டுக்கு மேலே ஒரு கொக்கு கனத்த வயிற்றோடு மெல்லப் பறந்து போனது.

விடுதலைக்கான வழியை வணங்குவதும் ஒப்பிப்பதும் யாரையும் கரைசேர்ப்பதில்லை; பிடியை விட்டு, காலம் கடக்கும் முன் நடந்தவரே சேர்கிறார்.