கத்திரி இலையில நீல நூல்

ஒரு ஊர்ல ஒரு பூரணம் இருந்தா. ராணியெல்லாம் இல்ல, கொல்லையில நாலஞ்சு கத்திரிச்செடி வச்சிருந்த சாதாரண பூரணம். "ம்" சொல்லணும் நித்திலா. சொல்லலேன்னா அத்தை எழுந்து போயிடுவேன், தேய்க்காத பாத்திரம் கிடக்கு.

ம். அப்படி.

ஒரு நாள் காலையில சாம்பாருக்குக் காய் பறிக்கப் போனா. பாத்தா, ஒரு பெரிய இலையைச் சுருட்டி ரெண்டு ஓரத்தையும் சேத்துத் தைச்சிருக்கு! செடியில இருந்தபடியே, பச்சைப் பசேல்னு. அதுவும் நீல நூல்ல. பூரணத்துக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அது அவ ரவிக்கை நூல்! இறுக்கமா இருக்குன்னு பக்கத்து வீட்டு தையல்காரி தங்கபுஷ்பத்துக்கிட்ட பிரிச்சுத் தைக்கக் குடுத்த ரவிக்கை.

"ஐயோ, என் நூலையே எடுத்து எனக்கே செய்வினை வச்சுட்டாளே!"

செய்வினைன்னா கெட்டது நடக்கட்டும்னு மந்திரிச்சு வைக்கிறது. சுத்தப் பொய். ஆனா பூரணம் நம்பினா. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? கேட்டா வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்? கேக்கல.

அப்புறம் என்ன பண்ணா? மஞ்சத் தண்ணியைக் கரைச்சு, சளக்! இலை மேல கொட்டினா. தண்ணி வழுக்கிக்கிட்டு தரைக்குப் போயிடுச்சு. எங்கிருந்தோ, "டுவீட்! டுவீட்! டுவீட்!" பூரணம் அரண்டு உள்ள ஓடினா.

அப்புறம் எலுமிச்சம்பழம். நறுக்! குங்குமம் தடவி செடிக்கு அடியில வச்சா. மறுபடியும், "டுவீட்! டுவீட்!"

"செய்வினை பேசுதே!"

அப்புறம் மூணாவதா, செடியையே எரிச்சுடலாம்னு சருகைக் குவிச்சு, கற்பூரத்தை வச்சு, தீக்குச்சியை... சர்ரக்!

முழிச்சுக்கிட்டியா? இலைக்குள்ள யாரு இருக்கான்னு அவளுக்குத் தெரியலையே.

அப்போ சுவர் மேல தங்கபுஷ்பம் தலை. "ஏடி, காய்க்கிற செடியை எதுக்குடி கொளுத்துற?"

"நீ வச்ச செய்வினையைக் கொளுத்துறேன்!"

"நானா? தைக்கிற துணியே மலையா குவிஞ்சு கிடக்கு, உன் கத்திரி இலையை வேற தைக்கணும்னு எனக்குத் தலையெழுத்தா?"

தொப்! சுவரைத் தாண்டிக் குதிச்சா. ஃபூ! குச்சியை ஊதி அணைச்சா. குனிஞ்சு பாத்தா. "நூல் என்னமோ அதுதான். பிரிச்ச நூலைச் சுவரோரம் உதறினேன். உன் உடம்பு ஊதின ஊதலுக்கு ரெண்டு பக்கமும்ல பிரிக்க வேண்டியிருந்துச்சு! ஆனா இந்தத் தையல் என்னுது இல்ல. முடிச்சே காணோமே."

அப்போ இலைக்குள்ள, "சீ... சீ..."

ரெண்டு பேரும் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி பதுங்கினாங்க. மூச்சு விடல. விர்ர்ர்னு ஒண்ணு வந்து உக்காந்துச்சு, வாயில புழுவோட.

"சிட்டுக்குருவி," அப்படின்னா பூரணம்.

"சிட்டுக்குருவி முதுகு பச்சையாவா இருக்கும்? கண்ணாடியைப் போடு."

"அப்போ தேன்சிட்டு."

"அதுக்கு மூக்கு வளைஞ்சிருக்கும். இது நேரா, ஊசியாட்டம் இருக்கு. தலையில செங்கல் நிறத்துல தொப்பி. வாலைப் பாரு, மேல தூக்கிக்கிட்டு நிக்குது. கட்டைவிரல் அளவு உடம்பு, தெருவுக்கே கேக்குற தொண்டை. இது தையல்சிட்டுடி!"

ஆமா நித்திலா, மூக்காலயே இலை ஓரத்துல ஓட்டை போடும். சிலந்தி நூல், பஞ்சு, கையில கிடைச்ச நூல் எல்லாத்தையும் கோத்து இழுத்து, முனையைப் பிசிறாக்கிவிடும். கழண்டே வராது. உள்ள பஞ்சு மெத்தை. அதுல மூணு குஞ்சு, "ஆ"ன்னு வாயைத் திறந்துக்கிட்டு.

பூரணம் தீப்பெட்டியை முந்தானைக்குள்ள ஒளிச்சா. மன்னிச்சுக்கோன்னு சொல்ல வரல. "காபி குடிக்கிறியா?"ன்னு கேட்டா.

"சக்கரை தூக்கலா போடு," அப்படின்னா தங்கபுஷ்பம்.

அப்புறம் அந்தச் செடி பக்கம் யாரும் போகல. வீட்டுக்காரர், "கத்திரிக்கா எங்க?"ன்னு கேட்டா, "முருங்கக்கா தின்னுங்க!"

ம் சொல்றியா, தூங்குறியா?

அப்புறம் குஞ்சுங்களுக்கு இறக்கை வந்துச்சு. ஒண்ணு விர்! இன்னொண்ணு விர்! கடைசிக் குஞ்சு மட்டும் இலை விளிம்புல உக்காந்து நடுங்குச்சு. அம்மாக்காரி செம்பருத்தியில இருந்து "டுவீட்! டுவீட்!"னு திட்டுறா. இந்தப் பக்கம் பூரணம் திட்டுறா, சுவருக்கு மேல தங்கபுஷ்பம் திட்டுறா. "போடா சோம்பேறி, போ!" மூணு அம்மா சேந்து கத்தினா யாருதான் உக்காந்திருப்பா?

விர்ர்ர்ர்!

குஞ்சு பறந்தாச்சு, கதையும் அது பின்னாடியே போயாச்சு. கண்ணை மூடு. மூடுன்னா மூடணும்.