சத்தம் இல்லாத குருவிப் படம்

"எந்தச் செயலிய வச்சுப் பாடம் நடத்துறீங்க, டீச்சர்?"

இதைக் கேட்கத்தான் தலைமையாசிரியர் திருமேனி இரண்டு பஸ் மாறி அந்தக் கடலோரத் தொடக்கப்பள்ளிக்கு வந்திருந்தார்.

அவருக்கு முப்பத்தொரு வருஷ சர்வீஸ். எதிரே நின்ற ரஹ்மத் நிசா டீச்சருக்கு ஐந்தே வருஷம். வயதில் அவர் மகளைவிடச் சின்னவர்.

திருமேனி வெட்கப்படாமல் மனதைக் கொட்டினார். போன வருஷம் அவருடைய பள்ளிக்குப் பெரிய டிவி வந்தது. பன்னிரண்டு டேப்லெட் வந்தது. ஒவ்வொன்றையும் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். பாடவாரியாக முந்நூறு வீடியோ சேர்த்துவைத்தார். பிள்ளைகள் கண் கொட்டாமல் பார்க்கிறார்கள். பார்த்து முடித்ததும் ஏதாவது கேட்டால் ஒரு பிள்ளையும் வாய் திறப்பதில்லை.

இந்தப் பள்ளிப் பிள்ளைகளோ விடாமல் பேசுகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

"ஒண்ணரை வருஷத்துல ரிட்டையர் ஆகிடுவேன். ஊமை வகுப்பை விட்டுட்டுப் போக மனசு வரல."

அவர் சேர்த்தவற்றில் நல்ல வீடியோ ஒன்றை ரஹ்மத் நிசா கேட்டு வாங்கினார்.

தூக்கணாங்குருவி கூடு கட்டும் படம். திருமேனிக்கு மிகவும் பிடித்தது.

ரஹ்மத் நிசா தன் மூன்றாம் வகுப்பில் அதைப் போட்டார். போட்ட கையோடு சத்தத்தை முழுக்கக் குறைத்தார்.

திருமேனி பதறிப்போனார். அந்தப் படத்தின் உயிரே விளக்கம் சொல்லும் அந்தக் குரல்தான்.

கொஞ்ச நேரத்தில் ஒரு சிறுமி, குருவி கூட்டைப் பிய்க்கிறது என்றாள்.

பக்கத்தில் இருந்தவன் இல்லை, கட்டுகிறது என்றான். பிய்க்கிறது, கட்டுகிறது என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்தது.

திருமேனியால் பொறுக்க முடியவில்லை. எழுந்து, "அது வந்து பிள்ளைங்களா..." என்று ஆரம்பித்தார்.

ரஹ்மத் நிசா அவர் அருகே வந்து, மெல்லிய குரலில் சொன்னார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. ரெண்டு சத்தத்தையும் குறைக்கணும்."

திருமேனி உட்கார்ந்தார். முகம் சூடானது.

அதற்குள் அந்தச் சிறுமி எழுந்துபோய் ரிமோட்டை எடுத்துப் படத்தைப் பின்னால் ஓட்டினாள். ஒருமுறை. இன்னொரு முறை. கூட்டுக்குப் பக்கத்தில் விரலை வைத்து, தனக்குள் எதையோ எண்ணினாள்.

"நார் கூடிக்கிட்டே போகுது. கட்டத்தான் செய்யுது," என்றாள். தோற்றவள் மாதிரியே தெரியவில்லை.

அன்று மாலையே திருமேனி பஸ் பிடித்து ஊருக்குத் திரும்பினார்.

மறுநாள் தன் வகுப்பில் அதே படத்தைப் போட்டார். சத்தத்தைக் குறைத்தார்.

டிவி கெட்டுப்போச்சோ என்று பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள். அவர் திரையைப் பார்த்தார்.

ஒரு நிமிஷம் போனது. இரண்டாவது நிமிஷம் அதைவிட நீளமாக இருந்தது. நாக்கு நுனிவரை வந்த வாக்கியங்களை ஒவ்வொன்றாக விழுங்கினார்.

மூன்றாவது வரிசையிலிருந்து மதிவதனி கேட்டாள்.

"சார், இன்னொரு குருவி வந்து கூட்டை எட்டிப் பாத்துட்டு, ஏன் உள்ள போகாமலே பறந்து போகுது?"

திருமேனிக்கு விடை தெரியும்.

ரிமோட்டை அவள் கையில் கொடுத்தார்.