சேற்று நண்டின் ஒற்றைக் கை

செய்வதையும் செய்துவிட்டு, ஒன்றுமே தெரியாத மாதிரி ஒரு நாளைக்கு இரண்டு தடவை வந்து கரையைத் தடவிவிட்டுப் போகிறாயே, உனக்குக் கூச்சமாக இல்லையா? வாங்கிக்கொள்ளவில்லை என்று சொல்ல முடியுமா உன்னால்? மூடிமறைத்து நடந்த பேரம், எவன் வந்து சாட்சி சொல்லப்போகிறான் என்ற திமிர் உனக்கு. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ஒரு வார்த்தை பொய்யாக இருந்தால் குறுக்கே பேசு.

அந்தக் காலத்தில், கடலாகிய உனக்கும் வாய் இருந்தது. நண்டும் நாரையும் மனுஷரும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். ஒவ்வோர் உயிரும் பிறக்கும்போதே ஒரு மாயத்தோடு பிறந்தது. ஆளுக்கு ஒன்றுதான், இரண்டு கிடையாது. நாரை நின்றால் நிழல் விழாது. நீர்நாய் தொட்ட முள் மழுங்கிப் போகும். ஆற்றுமுகத்துச் சேற்றில் குடியிருந்த கொடுக்கன் என்ற நண்டுக்கு வாய்த்தது இது: அவன் தோண்டிய வளைக்குள், மேலே எத்தனை ஆள் ஆழத்துக்கு வெள்ளம் நின்றாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்காது.

அப்போது கொடுக்கனுக்கு இரண்டு கையும் பெரிய கை, ஒரே அளவு. கால் முளைத்த நாளிலிருந்து தனியாகப் பிழைத்தவன் அவன். முதன்முதலாகத் தோண்டிய வளையை ஓர் உளுவை மீன் நைச்சியமாகப் பேசி வாங்கிக்கொண்டது. "இன்னிக்கு நீ வளையைக் குடு, நாளைக்கு நான் புழு கொண்டாந்து தாறேன்" என்றது. அந்த நாளைக்கு வரவே இல்லை. மழையில் கிடந்து இரண்டு நாள் பட்டினி. அதற்குப் பிறகு யார் வந்து எதைக் கேட்டாலும் அவன் வாயில் ஒரே பேச்சுதான்: "முதல்ல நீ வை. அப்புறம் நான் வைக்கிறேன்." புயலுக்கு ஒதுங்க இடம் கேட்டு வந்தவர்களிடமும் அதையே சொன்னான். முணுக்கென்று கோபம் வரும். யாரும் அவனை ஏமாற்ற முடியவில்லை. யாரும் அவன் வளைப்பக்கம் சும்மா வந்து உட்காரவும் இல்லை.

சங்காயி வந்தாள். கரையில் ஏழு குடிசை இருந்தது. அதில் ஒரு வீட்டுப் பெண், பதினாலு வயசு. அவள் உள்ளங்கையைத் தண்ணீர்மேல் வைத்தால், எடுக்கும் வரைக்கும் அங்கே அலை எழாது. அண்ணன்மார் தோணி கரை சேரும்போது கை வைத்து நிற்பாள். மிச்சப் பொழுதெல்லாம் சேற்றில்தான் அலைவாள். ஒரு நாள் என்ன இருக்கிறதென்று பார்க்கக் கொடுக்கன் வளைக்குள் கையை விட்டாள். அவன் விரலைக் கவ்விக்கொண்டான்.

"விடணும்னா என்ன தருவே?"

"விடாதே. மோதிரம் மாதிரி நல்லாத்தான் இருக்கு."

சொன்னபடியே அவனை விரலில் தொங்கவிட்டுக்கொண்டு ஏழு குடிசைக்கும் போய்க் காட்டினாள். "எங்கண்ணன் வாங்கித் தரலை, இது தானா வந்து மாட்டிக்கிச்சு" என்றாள். சிரிப்பு அடங்கவில்லை. பொழுது சாய்வதற்குள் கொடுக்கனே விரலை விட்டுவிட்டான். கைக்கு எதுவும் வராமல் அவன் விட்ட முதல் பிடி அது.

மறுநாள் சுட்ட மீன் தலையோடு வந்தாள். அதற்கும் மறுநாள் வந்தாள். "முதல்ல நீ வை" என்பான். "வெச்சாச்சுடா, தின்னு" என்பாள். பதிலுக்கு அவள் எதையும் கேட்டதில்லை. கேட்கமாட்டாள் என்று தெரிந்தும் அவன் அதையே சொல்வான், அவள் சிரிப்பதற்காக.

கொடுக்கன் பெண்டாட்டி வரியாள் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கட்டினவகிட்டகூடப் பேரம் பேசுற ஆளு. அந்தப் புள்ளை வந்தா மட்டும் பல்லே இல்லாத வாய் இளிக்குது."

"உனக்கென்ன, உனக்கும் மீன் தலை கிடைக்குதுல்ல?"

"கிடைக்குது. அதனாலதான் மெதுவாச் சொல்றேன்."

ஐப்பசியில் ஒரு நாள், பட்டப்பகலில் வானம் கறுத்தது. காற்று குடிசைக் கூரையைப் பிய்த்தது. நீ கரையை விட்டுப் பின்னால் போனாய். எப்போதும் போகிற தூரம் அல்ல. மீன்கள் வெறும் சேற்றில் துள்ளும்படி போனாய். அப்படிப் போனால் எப்படித் திரும்பி வருவாய் என்று எல்லோருக்கும் தெரியும். ஊரார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மணல்மேட்டுக்கு ஓடினார்கள். மேடு தொலைவில் இருந்தது.

சங்காயி மட்டும் சேற்றுக்கு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"கொடுக்கா, நான் நிக்கிற அளவுக்கு ஒரு வளை தோண்டு. சனம் மேடு ஏறுற வரைக்கும் நான் கை வெச்சுப் பிடிச்சு நிப்பேன். அப்புறம் எனக்கு ஓட நேரம் இருக்காது. உன் வளைக்குள்ள இறங்கிக்கிறேன்."

தோண்டத்தான் நினைத்தான். கால் அப்போதே மண்ணைப் பறிக்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் வாய் இருக்கிறதே.

"மனுஷ ஆளு நிக்கிற வளை. பெரிய வேலையாச்சே. முதல்ல நீ வை."

தும்மல் வருவது போல் வந்துவிட்டது. எப்போதும் போல் சிரிப்பாள் என்று நினைத்தானோ என்னவோ. சங்காயி சிரிக்கவில்லை. தன் இரண்டு கையையும் ஒருமுறை பார்த்தாள். இரண்டும் வெறுங்கை.

"இன்னிக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லைடா" என்றாள். திரும்பி நடந்தாள்.

"ஏ சங்காயி, சும்மா சொன்னேன். ஏ புள்ளை."

காற்றில் அவன் குரல் இரண்டு அடிகூடப் போகவில்லை. இரண்டு கையாலும் தோண்டினான். கணுக்கால் ஆழம், முழங்கால் ஆழம், இடுப்பு ஆழம். வரியாளும் வந்து மண் அள்ளிப் போட்டாள். அங்கே சங்காயி இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்து நின்றாள். அவள் முன்னால் நீ பனை உயரத்துக்கு எழுந்து, விழ முடியாமல் நடுங்கிக்கொண்டு நின்றாய். கடைசியாக ஓர் ஆட்டுக்காரி மேட்டில் ஏறினாள். வளை சங்காயியின் கழுத்தளவுக்கு இறங்கியிருந்தது. இன்னும் ஒரு சாண் வேண்டும். அந்த ஒரு சாணைத் தோண்டிக்கொண்டிருக்கும்போது அவள் கை சோர்ந்தது.

நீ விழுந்தாய்.

தண்ணீர் வடிந்தபோது அந்த வளை காய்ந்த மண்ணோடு அப்படியே இருந்தது. உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. உள்ளே யாரும் இல்லை.

விடிந்ததும் கொடுக்கன் உன் விளிம்புக்கு வந்தான்.

"அவளைக் குடு."

"சும்மாவா?" என்றாய் நீ. "நீதான் பெரிய பேரக்காரனாச்சே. பேசலாம், வா."

மாட்டுத் தரகர்கள் பேரம் பேசும்போது கைகளைத் துண்டால் மூடிக்கொள்வார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்குத் தெரியாமல், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே விலை சொல்வார்கள். நீ துண்டுக்குப் பதிலாக நுரையை இழுத்துப் போட்டாய்.

"வெளிச்சத்துல வெச்சுப் பேசச் சொல்லுங்க" என்றாள் வரியாள். "மூடிக்கிட்டுப் பேசுறவன் நாளைக்கு எதையும் ஒத்துக்கமாட்டான்."

"நீ போ. எனக்குத் தெரியும்."

அவன் நுரைக்குள் கையை விட்டான். தன் வளைகள் அத்தனையும் தருவதாக ஒரு முறை அழுத்தினான். நீ தட்டிவிட்டாய். தன் மாயத்தைத் தருவதாக அழுத்தினான். அதையும் தட்டிவிட்டாய். பிறகு அவன் இடது கையைத் தோளோடு சேர்த்துப் பிடித்தாய். இது வேண்டும், இதோடு மாயமும் வேண்டும் என்றாய். முழுசாக, உயிரோடு வேண்டும் அவள், என்று கொடுக்கன் அழுத்தினான். சரி என்று அழுத்தினாய். தண்ணீர் வற்றும்போது கொண்டுவந்து விடுகிறேன் என்று அழுத்தினாய். அழுத்தினாயா இல்லையா?

அதன் பிறகுதான் வாயைத் திறந்தாய்.

"முதல்ல நீ வை."

தன்னுடைய சொல் அடுத்தவன் வாயிலிருந்து வருவதை அவன் அன்றைக்குத்தான் கேட்டான். வேறு எந்தப் பொருளுக்காக இருந்தாலும் எழுந்து போயிருப்பான். நீ கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டான். ஆனால் அந்த வெறுங்கைகள் அவன் கண்ணைவிட்டுப் போகவில்லை. அவளிடம் வை என்று சொன்ன வாய் இப்போது எப்படி மறுக்கும்? கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினான். ஒரே இழுப்பு.

வரியாள் அவனைச் சேற்றில் இழுத்துப் படுக்க வைத்தாள். ஒரு வார்த்தையும் சொல்லிக் காட்டவில்லை.

தண்ணீர் வற்றியது. கொடுக்கன் ஓடி வந்து பார்த்தான். நீ ஓர் உடைந்த துடுப்பைப் போட்டுவிட்டுப் போயிருந்தாய். "இதையா நான் கேட்டேன்?" என்றான். அடுத்த முறை சொறி மீன் ஒன்று, பிறகு கிளிஞ்சல், பிறகு யாரோ வீட்டுப் பானையின் கழுத்து. ஒவ்வொரு தடவையும் மிச்சமிருந்த கையைத் தூக்கி, வா, கொண்டு வா, என்று ஆட்டினான். தூக்கித் தூக்கி அந்தக் கை வளர்ந்தது. உடம்பைவிடக் கனத்தது. வாய்க்குக்கூடக் கொண்டுபோக முடியாமல் போயிற்று. பிடுங்கின இடத்தில் முளைத்த சின்னக் கையால்தான் சேற்றைக் கிள்ளித் தின்றான். ஒரு நாள் தூக்கின கை தூக்கினபடியே செத்துப்போனான். மறுநாள் அவன் மகன் அதே இடத்தில் வந்து நின்று கையைத் தூக்கினான்.

அன்று முதல்தான் சேற்று நண்டில் ஆணுக்கு ஒரு கை பெரிதாகவும் ஒரு கை சிறிதாகவும் இருக்கிறது. அந்தப் பேரத்துக்குக் கை நீட்டாத பெண் நண்டுகளுக்கு இரண்டும் ஒரே அளவுதான். அன்று முதல்தான் நீ ஏறி வரும்போது அவை வளை வாயை மண்ணால் அடைத்துக்கொள்கின்றன, தண்ணீரைத் தடுக்கும் மாயம் உன்னிடம் அல்லவா இருக்கிறது. நீ வற்றியதும் வெளியே வந்து, ஆயிரம் பேராக நின்று, அந்த ஒற்றைக் கையைத் தூக்கி உன்னைப் பார்த்து ஆட்டுகின்றன.

கையைத் திருப்பிக் கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று பார்க்காதே. கையை நீயே வைத்துக்கொள். மாயத்தையும் வைத்துக்கொள். துடுப்பும் கிளிஞ்சலும் போட்டது போதும். சொன்ன சொல்லைக் காப்பாற்று. அடுத்த முறை தண்ணீர் வற்றும்போது, சங்காயியைக் கொண்டுவந்து அந்தச் சேற்றில் நிறுத்து.