கோமுவின் பூனை

ஆற்றங்கரை மடத்தில் வடிவம்மை என்றொரு ஞானி இருந்தாள். வயதில் சின்னவள். அவளிடம் பாடம் கேட்க வந்த அனவரதமோ பேரன் எடுத்தவர். ஆனாலும் அவளைத் "தாயே" என்றுதான் கூப்பிடுவார்.

மனைவி கோமு இறந்து, காரியமெல்லாம் முடிந்தபின் அனவரதம் மறுபடி மடத்துக்கு வந்தார். பாடத்தில் மனம் நிற்கவில்லை.

"தாயே, ஒரு சந்தேகம். வீட்டுல ஒருத்தர் செத்துப்போனா பூனைக்குத் துக்கம் இருக்குமா?"

"எந்தப் பூனைக்கு?"

"கோமு வளர்த்தது. சாயங்காலமானா அவ பின்வாசல் படியில உக்காந்து அதுக்குத் தேங்காச் சிரட்டையில பால் ஊத்துவா. இப்பவும் அந்த நேரத்துக்கு அது படியில போய் உக்காந்துக்கிடுது. கத்துறதுகூட இல்ல."

கோமு இருந்தவரை அந்தப் பூனையை அவர் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. ரேஷன் கார்டுல இது பேரையும் சேர்த்திரு என்று கேலி பண்ணியவர்தான்.

"வீட்டுல என்ன சொல்லுதாங்க?"

"பாலுக்குத்தான் காத்துக் கிடக்குன்னு மக சொல்லுதா. என்னையும் அப்படித்தான் சொல்லுதா. அம்மா போன அன்னைக்கும் அழல, இன்னைக்கும் அழல, அப்பாவுக்கு வேளாவேளைக்குச் சோறு வந்தாப் போதும்னு."

சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில் மகள் சொன்ன சொல் அது. அவருக்கு ரொம்ப வலித்தது. அதைவிட, அது உண்மையாக இருந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அப்படியென்றால் அவள் தனக்கு யார்? வெறும் சோறு போட்ட கையா?

வடிவம்மை பூனைக்கு மட்டும் வழி சொன்னாள்.

"நாளைக்குப் பொழுது சாயுறதுக்கு முன்னாலயே அதுக்கு வயிறு நிறையப் பால் ஊத்துங்க. அதே சிரட்டையில. பிறகு என்ன செய்யுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க."

பால் ஊற்றிப் பார்த்துவிட்டு அனவரதம் வந்தார்.

"குடிச்சுதா?"

"சொட்டு விடாம குடிச்சுது தாயே. சிரட்டையையும் நக்கித் துடைச்சிருச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் எந்திரிச்சுப் பின்வாசலுக்குப் போச்சு. படியில உக்காந்துச்சு. இருட்டுற வரைக்கும் அசையல."

"வயிறு நிறைஞ்ச பிறகுமா?"

"ஆமா."

"நீங்க எங்க இருந்து பாத்தீங்க?"

"நானும் அங்கனதான் இருந்தேன். அந்தப் படியில."

"நான் பாக்கச் சொன்னதாலயா?"

"இல்ல தாயே. தினமும் அங்கனதான் போய் உக்காருவேன். மக காப்பி கொடுப்பா, குடிச்சுட்டு அப்படியே போயிருவேன். வேற எங்கயும் இருப்பு கொள்ளல."

"பூனையை ஒட்டி உக்காருவீங்களா?"

"இல்ல. அது அந்த ஓரம், நான் இந்த ஓரம். நடுவுல ஒரு ஆள் உக்காருத அளவுக்கு இடம்..."

அவர் சொல்லி முடிக்கவில்லை.

"அது யாருக்கு?" என்றாள் வடிவம்மை.

அனவரதம் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் அதை எடுக்கவே இல்லை. அன்று வடிவம்மை பாடம் சொல்லவில்லை.