பார்லோவை வெட்டிய கோதை

வெகு காலத்துக்கு முன்னால், கப்பல்கள் காற்றை நம்பியே ஓடிய நாளில், இத்தாலிக் கடற்கரையில் அர்கோலா என்றொரு பட்டணம் இருந்தது. நம் நாட்டு மிளகை அங்கே கொண்டுபோய் விற்ற கோதை, லூச்சியா என்ற ரொட்டிக்காரியின் வீட்டில் தங்கி, அவளிடமே அந்த ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொண்டாள்.

ஒருமுறை கோதை கடலில் இருந்தபோது, மல்வோ என்ற மந்திரவாதி ஊரார் குரல்களையெல்லாம் பறித்துப் பளிங்குப் பெட்டியில் அடைத்து மலையுச்சியில் வைத்துவிட்டான். அவள் திரும்பி வந்து பார்த்தால், சந்தையில் சத்தமே இல்லை. லூச்சியாவின் கைக்குழந்தை சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தது. தாலாட்ட வாய் திறந்த தாய்க்கு வெறும் மூச்சுதான் வந்தது.

லூச்சியா கைகாட்டிய மலையில் கோதை ஏறினாள். பெட்டியின் மேல் மெழுகில் ஒரே ஒரு சொல்: பார்லோ. பக்கத்தில் வெள்ளிக் கத்தி.

"சொல்லை அதன் மூட்டில் வெட்டினால் திறப்பேன். தவறினால் கல்லாவாய்" என்றது பெட்டி.

சுற்றிலும் மூன்று சிலைகள். அரண்மனைப் புலவர், கோயில் மணியடிப்பவர், லூச்சியாவின் கணவன். மூவருமே 'பார்' ஒரு பக்கம், 'லோ' ஒரு பக்கம் என்று வெட்டியவர்கள். வெட்டிய மெழுகு மறுபடி ஒட்டிக்கொண்டது, அவர்கள் கல்லானார்கள்.

கோதை சொல்லிப் பார்த்தபோது அவள் நாக்கும் அப்படித்தான் பிரித்தது. பார், லோ. கத்தி அங்கேதான் போகப் பார்த்தது.

"நாக்கு சொல்கிற இடத்தில் வெட்டு" என்று மல்வோ பின்னால் நின்று ஆசை காட்டினான்.

கோதை கத்தியை நிறுத்தினாள். லூச்சியா சொல்லித்தந்தது நினைவுக்கு வந்தது. பார்லோ என்றால் பேசுகிறேன். பார்லி என்றால் பேசுகிறாய். பார்லா என்றால் பேசுகிறாள். மூன்றிலும் மாறாமல் நிற்பது பார்ல். மாறுவது வால் மட்டும். நம் பேச்சிலும் 'ஏன்', 'ஆய்', 'ஆள்' என்று வால்தானே மாறுகிறது!

"அது நாக்கு பிரிக்கும் இடம். சொல் பிரியும் இடம் வேறு" என்றாள்.

'லோ' என்ற அசைக்குள்ளேயே கத்தியை இறக்கினாள். பார்ல் ஒரு பக்கம் விழுந்தது. 'ஓ' மட்டும் அவள் உள்ளங்கையில் வெதுவெதுப்பாகக் கிடந்தது. ஒரு முழு 'நான்' இத்தனை சின்ன ஒலிக்குள்ளா இருந்தது? கோதை மூச்சுவிட மறந்து அதையே பார்த்தாள்.

பளிங்கு பிளந்தது. ஆயிரம் குரல்கள் பறவைக் கூட்டமாய் மலையிறங்கின. கற்கள் மனிதர்களாயின. மல்வோ புகையாய்க் கரைந்தான். அந்த ஊர் ராஜா கோதையின் கப்பலுக்குத் துறைமுகத்தில் முதல் இடம் கொடுத்தார்.

கேட்டீர்களா, லூச்சியாவின் வீட்டில் முதலில் எழுந்தது குழந்தையின் வீரிடல்தான். ஒரு பிள்ளை அழுததைக் கேட்டு ஊரே வாசலுக்கு ஓடிவந்து சிரித்தது அன்றைக்குத்தான்.